நான் ஃப்ரீ செய்யவே இல்லை, கேசான் ஏன் கத்துகிறது?

கேள்வி:
லினக்ஸ் கெர்னலுக்கு ஒரு சின்ன நெட்வொர்க் மாட்யூல் எழுதுகிறேன். ஐபி ஹெடரின் பாயிண்டரை எடுத்து வைத்துக்கொண்டு, பிறகு பிஎஸ்கேபி_மே_புல் ஃபங்ஷனை அழைத்து டிசிபி ஹெடர் முழுசாக வந்திருக்கிறதா என்று பார்த்து, அப்புறம் அதே பாயிண்டரைப் படிக்கிறேன். எப்போதாவது ஒரு பாக்கெட்டில் கேசான் (கெர்னலின் நினைவகப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கருவி) 'யூஸ் ஆஃப்டர் ஃப்ரீ', அதாவது விடுவித்த நினைவகத்தைத் தொடுகிறாய், என்கிறது. நான் எதையும் விடுவிக்கவே இல்லையே?

பதில் 1:
நீங்கள் விடுவிக்கவில்லை, அந்த ஃபங்ஷன்தான் விடுவித்தது. கேட்ட பைட்டுகள் முதன்மை பஃபருக்கு வெளியே தனித் துண்டுகளில் கிடந்தால் அவற்றை முன்னால் இழுக்கும், இடம் பத்தாவிட்டால் புது பஃபர் எடுத்து நகலெடுத்துவிட்டுப் பழையதை விட்டுவிடும். உங்கள் பாயிண்டர் காலி செய்த வீட்டின் கதவைத் தட்டுகிறது. கேசான் அறிக்கையில் 'ஃப்ரீட் பை' பகுதியைப் பாருங்கள், புது பஃபர் எடுக்கும் பிஎஸ்கேபி_எக்ஸ்பாண்ட்_ஹெட் இருக்கும். இழுத்த பிறகு, ஐபி ஹெடரின் பாயிண்டரைத் தரும் ஐபி_ஹெச்டிஆரை மறுபடி அழைத்தால் போதும்.

பதில் 2:
இதற்கெல்லாம் வெட்கப்பட வேண்டாம். 2005இல் கெர்னலுக்குள் வந்த டிசிசிபி நெறிமுறையில், வேறொரு இடத்தில் சேமித்து வைத்திருந்த எஸ்கேபியையே (கெர்னல் ஒரு பாக்கெட்டை வைத்திருக்கும் அமைப்பு) விடுவித்துவிடும் பிழை ஒன்று 2017 வரை கிடந்தது, கெர்னல் பிழைகளைத் தானாகத் தேடும் சிஸ்காலர் கருவிதான் தோண்டி எடுத்தது. திருத்தம் என்னவோ சில வரிதான்.

கேட்டவர்:
சரியாக அதேதான்! ஒரு வரியை இடம் மாற்றினேன், ராத்திரி முழுக்க ஓடவிட்டும் சத்தமே இல்லை. யுடிபி பக்கமும் இதே தப்பைச் செய்து வைத்திருக்கிறேன், அதையும் பார்க்கிறேன்.