பெயர் தெரியாத பத்திரிகைத் துண்டு, நாகப்பட்டினம், 1877-78

வணக்கம். தாத்தாவோட தகரப்பெட்டியில், ஞானஸ்நானச் சீட்டுக்குள்ள மடிச்ச பத்திரிகைத் துண்டு ஒண்ணு கிடைச்சுது. எங்க கடற்கரைப் பங்கு (கோயிலைச் சேர்ந்த கிறிஸ்தவ சபை) பற்றிய செய்தி: கோயில் வாசலில் கஞ்சி ஊத்தினது, ரூபாய்க்கு அரிசி எத்தனை படி, பினாங்குக் கப்பல் கிளம்பும் நாள். தாது வருஷப் பஞ்சம் (1876-78) ஓயாத காலம், படிக்கவே நெஞ்சு கனக்குது.

மேல்பாதி செல்லரிச்சதால பத்திரிகை பெயர் இல்லை. 'ஈஸ்வர வருஷம் மார்கழி' தெரியுது, அதாவது 1877 டிசம்பர் பின்பாதி, இல்லன்னா 1878 ஜனவரி முன்பாதி.

பங்குக் கோயில் பதிவேட்டில் கொள்ளுத்தாத்தா பெயர் இருக்கு, பத்திரிகை பற்றி ஒண்ணுமில்லை. சென்னையில் இரண்டு நூலகத்திலும் கேட்டாச்சு, இணையத்திலும் தேடியாச்சு. தாள் தொட்டாலே உதிருது. போட்டோ எடுத்து வச்சிருக்கேன்.

அந்தக் காலத்தில் தஞ்சாவூர் ஜில்லாவில் வந்த தமிழ்ப் பத்திரிகைகளோட பழைய இதழ்களை எங்கே போய்ப் பார்க்கலாம்?