தீ விபத்துக்குப் பிறகு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பைச் சீரமைப்பது எங்கிருந்து தொடங்க வேண்டும்?

செயலாளர்_மேற்குமாம்பலம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்னை மேற்கு மாம்பலத்தில் 1986ஆம் ஆண்டு கட்டப்பட்ட எங்கள் குடியிருப்பில் தரைத்தளமும் மூன்று மாடிகளுமாகப் பன்னிரண்டு வீடுகள் உள்ளன. அண்மையில் இரண்டாம் மாடி வீடொன்றில் ஏ.சி. இணைப்பிலிருந்து தீப்பிடித்து, கூடமும் அதை ஒட்டிய படுக்கையறையும் முற்றிலும் எரிந்துவிட்டன. உயிர்ச்சேதம் இல்லை. தீயணைப்புத் துறையினர் பாய்ச்சிய தண்ணீர் முதல் மாடி வீட்டின் கூரை வழியாக இறங்கி, மாடிப்படியின் கீழே இருக்கும் மீட்டர் பெட்டி வரை வந்துவிட்டது. மாடிப்படிச் சுவர் மூன்றாம் மாடி வரை கரி படிந்து கிடக்கிறது. எரிந்த கூடத்தின் கூரையில் சில இடங்களில் காங்கிரீட் பெயர்ந்து கம்பி தெரிகிறது.

ஒப்பந்தக்காரர் ஒருவர், பெயர்ந்த பூச்சைத் தட்டிவிட்டுப் புதிதாகப் பூசி, பட்டி பார்த்து, வர்ணம் அடித்தால் போதும் என்கிறார். உறுப்பினர்களில் சிலரோ இந்தக் கட்டடத்துக்கு ஆயுள் முடிந்துவிட்டது, இடித்துவிட்டுக் கட்டுநரிடம் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். மேலே மூன்றாம் மாடியில் வசிக்கும் முதிய தம்பதியர் தங்கள் கூடத்தில் நடக்கவே அஞ்சுகிறார்கள். இந்த இரண்டு கருத்துகளுக்கும் நடுவில் நாங்கள் எந்த வரிசையில் செயல்பட வேண்டும் என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கட்டமைப்புப்_பொறியாளர் எழுதியது:

வணக்கம் ஐயா. முதலில் ஒரு வேண்டுகோள்: எரிந்த அறைகளில் கிடக்கும் குப்பையை இன்னும் அள்ளவில்லை என்றால், பொறியாளர் ஒருவர் பார்க்கும் வரை அப்படியே விட்டுவையுங்கள். அந்த அறை எவ்வளவு சூடேறியது என்பதற்கு அந்தக் குப்பையைவிட நல்ல சாட்சி கிடையாது. சன்னலின் அலுமினியச் சட்டம் உருகி வழிந்திருந்தால் அந்த இடத்தில் வெப்பம் ஏறத்தாழ 650 டிகிரி செல்சியஸை எட்டியிருக்கிறது. மின்கம்பியின் செம்பு உருகாமல் நிற்கிறதென்றால் 1080 டிகிரியை எட்டவில்லை. கண்ணாடி வெறுமனே விரிசல் விட்டதா, இளகி வளைந்ததா என்பதும் ஒரு தகவல். எது எந்த உயரத்தில், எந்தச் சுவரோரம் கிடந்தது என்று புகைப்படம் எடுத்துக்கொண்ட பிறகே ஆட்களை உள்ளே விட வேண்டும்.

அடுத்தது காங்கிரீட்டின் நிறம். நம் ஊர் ஜல்லியும் மணலும் கலந்த காங்கிரீட் ஏறத்தாழ 300 டிகிரியைத் தாண்டும்போது பெரும்பாலும் இளஞ்சிவப்பாக மாறும்; 600 டிகிரிக்கு மேல் வெளிறிய சாம்பல் நிறத்துக்குப் போகும். வலிமை குறிப்பிடத்தக்க அளவில் குறையத் தொடங்குவதும் அந்த 300 டிகிரிக்கு அருகில்தான் என்பதால், இளஞ்சிவப்பு எவ்வளவு ஆழம் உள்ளே போயிருக்கிறது என்று சிறிது செதுக்கிப் பார்ப்பது மிகப் பயனுள்ள முதல் சோதனை. எல்லா ஜல்லியும் நிறம் மாறுவதில்லை. ஆகவே சிவக்கவில்லை என்பதை மட்டும் வைத்துச் சேதமில்லை என்று முடிவு கட்டக்கூடாது. காங்கிரீட் வெப்பத்தை மெதுவாகவே உள்ளே விடும். ஓர் அறையின் தட்டுமுட்டுச் சாமான்கள் எரிந்து அடங்கிய தீயில் சேதம் பெரும்பாலும் மேற்பரப்பிலிருந்து சில சென்டிமீட்டருக்குள் நின்றுவிடும். 2017 மே மாத இறுதியில் தி.நகரில் எரிந்த பல மாடித் துணிக்கடையை இதோடு ஒப்பிட்டு அஞ்ச வேண்டாம். அங்கே மாடி மாடியாகத் துணி அடுக்கியிருந்ததால் தீ ஒரு நாளுக்கு மேல் நின்று எரிந்தது, கட்டடத்தின் ஒரு பகுதி சரிந்தது, கடைசியில் முழுவதையும் இடிக்க வேண்டியதாயிற்று.

உங்கள் கட்டடத்தின் வயதில்தான் எனக்குக் கவலை இருக்கிறது. 1986 என்றால் அதில் இருப்பது இன்றைய டி.எம்.டி. கம்பி அல்ல, பெரும்பாலும் குளிர்நிலையில் முறுக்கப்பட்ட டார் ஸ்டீல், அதாவது நம் கொத்தனார்கள் முறுக்குக் கம்பி என்று சொல்வது. அந்தக் கம்பிக்கு வலிமை கிடைத்ததே அந்த முறுக்கினால்தான். சூடாக உருட்டப்பட்ட சாதாரணக் கம்பி 600 டிகிரி வரை சூடேறினாலும் ஆறியபின் தன் வலிமையைப் பெருமளவு திரும்பப் பெற்றுவிடும். முறுக்குக் கம்பியோ 450 டிகிரியைத் தாண்டினால் முறுக்கினால் வந்த பலனை இழக்கத் தொடங்கி, ஆறிய பிறகும் அதை மீட்பதில்லை. தளத்தின் அடிப்பக்கத்தில் கம்பிக்கு மூடாக்கு, அதாவது கம்பியை மூடியிருக்கும் காங்கிரீட்டின் கனம், 15 முதல் 20 மில்லிமீட்டர்தான் இருக்கும் என்பதால், காங்கிரீட் பெயர்ந்து கம்பி வெளியே தெரியும் இடங்களில் ஒரு துண்டை வெட்டியெடுத்து இழுவைச் சோதனைக்கு அனுப்பாமல் எந்தப் பூச்சு வேலையும் தொடங்கக்கூடாது. உங்கள் ஒப்பந்தக்காரர் சொன்ன வழி எனக்கு ஏற்புடையதாக இல்லாததற்கு இதுவே முதன்மைக் காரணம்.

சோதனைகளில், ரீபவுண்ட் ஹாமர் (காங்கிரீட்டில் தட்டி, எவ்வளவு துள்ளித் திரும்புகிறது என்று அளக்கும் கருவி) மேற்பரப்பின் கடினத்தை மட்டுமே சொல்லும். எரிந்த மேற்பரப்பில் அதன் எண்ணைத் தனியாக நம்ப முடியாது. அதையும், காங்கிரீட்டுக்குள் ஒலி எவ்வளவு வேகமாகச் செல்கிறது என்று அளக்கும் மீயொலித் துடிப்புச் சோதனையையும் எரிந்த தளத்திலும் எரியாத வீடொன்றின் தளத்திலும் செய்து, இரண்டு தளங்களின் அளவுகளையும் ஒப்பிட்டால்தான் பொருள் உண்டு. கோர், அதாவது காங்கிரீட்டில் துளையிட்டு எடுக்கும் உருளை மாதிரி, எடுக்கும்போது குறைந்தது மூன்று எடுக்க வேண்டும். அவற்றின் வலிமையின் சராசரி, அந்தக் காங்கிரீட்டுக்கு உரிய கனசதுர வலிமையில் (கனசதுர மாதிரியை நசுக்கி அளக்கும் வலிமை) 85 விழுக்காட்டுக்கும், எந்த ஒன்றும் 75 விழுக்காட்டுக்கும் குறையாமல் இருக்க வேண்டும் என்பது காங்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 தரும் அளவுகோல். அக்காலத்துக் குடியிருப்புகளில் எம் 15 தரமே (சதுர மில்லிமீட்டருக்கு 15 நியூட்டன் வலிமை) பரவலாக இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அதன் முடிவைப் படிக்க வேண்டும். இதில் அவசரமும் உதவாது. மிகவும் சூடேறிய காங்கிரீட்டில் சுண்ணாம்புச் சத்து சுட்ட சுண்ணாம்பாகிவிடுகிறது. பிறகு அது ஈரத்தை உறிஞ்சி உப்பி, தீ அணைந்து நாட்கள் கழிந்தும் புதிய விரிசல்களை உண்டாக்கும்.

சுவர்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. செங்கல் சூளையில் வெந்து வந்த பொருள். ஒரு வீட்டுத் தீ அதைப் பெரிதாக ஒன்றும் செய்துவிடாது. பூச்சு மட்டும் கழன்றிருக்கும். கட்டையால் தட்டிப் பார்த்தால் பொள்ளென்று ஒலிக்கும் இடமெல்லாம் உரிக்கப்பட வேண்டியவை.

உட்புறவேலை_30ஆண்டு எழுதியது:

பொறியாளர் ஐயா காங்கிரீட்டைப் பற்றிச் சொன்னதோடு, புகையையும் தண்ணீரையும் பற்றிச் சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன். எரிந்தது இரண்டு அறைகள் என்றாலும், செலவில் பெரும்பகுதி எரியாத வீடுகளில்தான் வரும் என்பது இந்தத் தொழிலில் நான் கண்டது.

கரி படிந்த சுவரை ஈரத்துணியால் துடைப்பதுதான் எல்லோரும் உடனே செய்வது. எண்ணெய்ப்பசை உள்ள அந்தக் கரி, ஈரம் பட்டவுடன் பூச்சின் நுண்துளைகளுக்குள் இறங்கிவிடும். பிறகு அதை வெளியே எடுக்க முடியாது. முதலில் உலர்ந்த ரப்பர் பஞ்சினால் மேலிருந்து கீழாக ஒரே திசையில் ஒற்றி எடுக்க வேண்டும். அதன் பின்னரே மிதமான சோப்பு நீரில் கழுவலாம். கழுவி உலர்ந்த சுவரில் நேரடியாக எமல்ஷன் அடித்தால் சில வாரங்களில் பழுப்புக் கறை மேலே வரும். கறையையும் வாடையையும் அடைக்கும் எண்ணெய் வகை ப்ரைமர் ஒன்று நடுவில் இருந்தாக வேண்டும்.

வயர்களின் பி.வி.சி. உறை எரிந்த புகை சாதாரணப் புகை அன்று. அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் குளோரைடு, ஈரத்தோடு சேர்ந்து ஹைட்ரோகுளோரிக் அமிலமாகிறது. எரிந்த அறைக்கு எட்டாத வீடுகளிலும் சுவிட்சின் செம்புத் தொடர்புகள், ஏ.சி.யின் சுருள்கள், கதவுக் கீல்கள், சன்னல் கிராதிகள் விரைவில் அரிக்கத் தொடங்குவது இதனால்தான். லிஃப்ட் இருந்தால் அதன் கூண்டுப் பாதை புகைபோக்கியாகவே செயல்பட்டிருக்கும்; மேலே உள்ள இயந்திர அறையின் ரிலேக்களைச் சுத்தம் செய்யாமல் ஓட்டக்கூடாது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மூடி திறந்திருந்ததா என்றும் பாருங்கள். பரண், அலமாரியின் பின்புறம், மின்குழாய்களின் உட்புறம் ஆகியவற்றை விட்டுவிட்டு, வாடை போகவில்லையே என்று பிறகு ஊதுபத்தி ஏற்றுவதில் பயனில்லை.

தண்ணீரைப் பொறுத்தவரை, கண்ணில் தெரியும் நீர் ஒரு பொருட்டே அல்ல. பழைய கட்டடங்களில் கழிவறைத் தளத்தைத் தாழ்த்திக் கட்டி, அந்தப் பள்ளத்தைச் செங்கல் உடைசலால் நிரப்பியிருப்பார்கள். அதற்குள் இறங்கிய தண்ணீர் மாதக்கணக்கில் தேங்கி, எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்த பிறகு முதல் மாடிக் கூரையில் கசியும். மொசைக் தரையின் அடியில் உள்ள படுகையும் அப்படியே. ஒன்பது அங்குலச் சுவர் நனைந்தால் வெளிப்புறம் உலர்ந்த தோற்றம் தந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். அதன்மேல் பட்டி பார்த்தால் உப்புப் பூத்து உரிந்துவிடும். ஓர் அடிச் சதுர பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப்பால் ஒட்டி, மறுநாள் உட்பக்கத்தில் நீர்த்துளி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் காத்திருக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சன்னலைத் திறந்து வைப்பதால் மட்டும் சென்னையில் எதுவும் உலர்வதில்லை. ஈரம் இழுக்கும் இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துச் சன்னலை மூடி வைப்பதே நல்லது.

மின்இணைப்பைப் புதுப்பிக்கும் முன், உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைக் கொண்டு ஒவ்வொரு சுற்றையும் மெகர் (மின்காப்பைச் சோதிக்கும் கருவி) வைத்து அளந்து, மின்காப்புத் தடை ஒரு மெகஓமுக்குக் குறையாமல் இருப்பதை எழுத்தில் வாங்குங்கள். தளத்துக்குள் ஓடும் குழாய்களில் தண்ணீர் நிற்கும் வரை அந்த அளவு வராது. நனைந்த மீட்டர் பெட்டியை மின்வாரியத்தார் வந்து பார்க்காமல் யாரும் தொட வேண்டாம். மொசைக் தரையில் கரி போக ஆசிட் ஊற்ற எவரேனும் முன்வந்தால் தடுத்துவிடுங்கள். அது சுண்ணாம்புச் சத்தைத் தின்றுவிடும், பிறகு எத்தனை முறை பாலீஷ் போட்டாலும் பழைய மெருகு திரும்பாது. பால்கனியில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்து வெடித்திருந்தால், அதை உலர்ந்த நிலையில் பெருக்காமல் நனைத்தே அள்ள வேண்டும். தேக்கு நிலைகளை மட்டும் உடனே எறிந்துவிடாதீர்கள். மேலே கருகியதைச் சுரண்டினால் உள்ளே நல்ல மரம் இருப்பது வழக்கம், இன்று அந்தத் தரத்தில் வாங்கவும் முடியாது.

அசோக்நகர்_உரிமையாளர் எழுதியது:

மாற்றுக் கருத்தைச் சொல்வதற்கு மன்னிக்கவும். ஏறத்தாழ நாற்பது ஆண்டுப் பழைய கட்டடத்தில் இவ்வளவு சோதனைக்கும் பழுதுக்கும் செலவழிப்பதைவிட, மறுகட்டுமானத்துக்குப் போவதே அறிவுடைமை. 2024இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாடு அடுக்குமாடிக் குடியிருப்பு உரிமைச் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு உரிமையாளர்கள் இசைந்தால் போதும். மாம்பலத்தில் யு.டி.எஸ்., அதாவது ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய பிரிக்கப்படாத நிலப் பங்கின் இன்றைய மதிப்பு உங்களுக்குத் தெரியாததன்று.

கட்டமைப்புப்_பொறியாளர் எழுதியது:

மறுகட்டுமானம் வேண்டும் என்று உரிமையாளர்கள் விரும்பினால் அது அவர்களுடைய உரிமை. நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் தீயை அதற்குக் காரணமாகக் காட்டுவது சரியல்ல. பன்னிரண்டு வீடுகளில் ஒரு வீட்டின் இரண்டு அறைகளுக்கு மேலுள்ள தளமும் அதைத் தாங்கும் பீம்களும்தான் ஐயத்துக்கு உரியவை. தளர்ந்த காங்கிரீட்டை நல்ல பகுதி வரும் வரை செதுக்கி, வலிமை இழந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி சேர்த்து, மைக்ரோ காங்கிரீட்டாலோ (மிகச் சிறிய ஜல்லி கலந்த, எளிதில் ஓடும் கலவை) கனைட்டிங் முறையாலோ (கலவையைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சி அடிப்பது) நிரப்புவது இந்த நகரத்தில் நன்கு பழக்கப்பட்ட வேலை. சோதனை முடிவு வருமுன் கட்டுநரோடு பேச அமர்ந்தால், கட்டடம் ஆபத்தானது என்ற பேச்சே உங்கள் பங்கின் விலையைக் குறைக்கும் கருவியாகிவிடும். முடிவைக் கையில் வைத்துக்கொண்டு பிறகு எதையும் பேசலாம்.

காப்பீட்டு_ஆலோசகர் எழுதியது:

காப்பீட்டைப் பற்றி யாரும் கேட்கவில்லை என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். சங்கத்தின் பெயரில் பாலிசி இருக்கிறதா, தனித்தனி உரிமையாளர்களிடம் இருக்கிறதா என்று இன்றே விசாரியுங்கள். வீட்டுக்கடன் வாங்கியவர்களில் பலருக்கு வங்கி எடுத்துக்கொடுத்த பாலிசி இருப்பதே தெரியாது. 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியாக இருந்தால், பொறியாளர், ஆர்க்கிடெக்ட் கட்டணத்துக்கு இழப்பீட்டுத் தொகையில் 5 விழுக்காடு வரையும், இடிபாடு அகற்ற 2 விழுக்காடு வரையும் தனியே கிடைக்கும். ஆகவே சோதனைச் செலவை நினைத்துத் தயங்க வேண்டியதில்லை. தீயை அணைக்கப் பாய்ச்சிய தண்ணீரால் நேர்ந்த சேதமும் பொதுவாகத் தீயின் விளைவாகவே கொள்ளப்படும் என்பதால், முதல் மாடி உரிமையாளரும் தம் பாலிசியில் கோரலாம். தீயணைப்புத் துறையின் அறிக்கை, காவல் நிலையத்தில் கொடுத்த புகாரின் நகல் இரண்டும் தேவைப்படும். காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர் பார்க்குமுன் தார்ப்பாய் கட்டுவது, முட்டுக் கொடுப்பது போன்ற பாதுகாப்பு வேலைகளைச் செய்யலாம். உரிப்பதும் பூசுவதும் கூடாது.

செயலாளர்_மேற்குமாம்பலம் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. குப்பையை அள்ளும் வேலையை நிறுத்திவிட்டோம். பொறியாளர் ஐயாவிடம் ஒரே ஒரு ஐயம்: சோதனை முடியும் வரை மூன்றாம் மாடித் தம்பதியர் தங்கள் வீட்டிலேயே இருக்கலாமா? ஒப்பந்தக்காரர் எரிந்த கூடத்தில் இரும்பு ஜாக்கி நிறுத்தித் தருவதாகச் சொல்கிறார்.

கட்டமைப்புப்_பொறியாளர் எழுதியது:

எரிந்த அறைகளுக்கு நேர் மேலே உள்ள கூடத்தையும் படுக்கையறையையும் அவர்கள் பயன்படுத்தக்கூடாது. அங்கே புத்தக அலமாரி, தண்ணீர் டிரம், பீரோ எது இருந்தாலும் அப்புறப்படுத்தி எரியாத பக்கத்துக்கு மாற்றுங்கள். முடிந்தால் சில வாரங்கள் உறவினர் வீட்டில் இருப்பது அவர்களுக்கு மனநிம்மதியும் தரும். ஜாக்கி நிறுத்துவது சரியே, ஆனால் இரண்டாம் மாடியில் மட்டும் நிறுத்தினால் மேல் தளத்தின் பாரம் முழுவதும் ஏற்கெனவே நனைந்திருக்கும் முதல் மாடிக் கூரையின்மேல் இறங்கிவிடும். அந்தத் தளம் தன் சொந்தப் பாரத்துக்கும் வீட்டுப் பயன்பாட்டுக்கும் கணக்கிடப்பட்டதே அன்றி, இன்னொரு தளத்தைச் சுமக்க அன்று. ஆகவே இரண்டாம் மாடியில் எந்த இடத்தில் ஜாக்கி நிற்கிறதோ, அதற்கு நேர் கீழே முதல் மாடியிலும் தரைத்தளத்திலும் ஜாக்கி நின்று பாரம் மண்ணுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒவ்வொன்றின் அடியிலும் உச்சியிலும் பலகை வைத்து, தளத்தை மேலே தூக்காத அளவுக்கு மட்டும் இறுக்கச் சொல்லுங்கள்.