ஊருக்கு வந்ததும் பழைய பழக்கம் எழும்புவது ஏன்? திருகோணமலை அனுபவப் பகிர்வு

திருக்கடலூரிலிருந்து

கத்தாரில் இரண்டு வருடம் சிகரெட்டைத் தொடாத ஆள், ஊருக்கு வந்து மீன்வாடிப் பக்கம் போன முதல் பின்னேரமே ஒன்று பத்த வைப்பார். எங்கட கரையில் இது அடிக்கடி காண்கிற காட்சி. மன உறுதி இல்லை என்று வீட்டில் ஏசுவார்கள். அது பிழை. மூளை ஆசையை இடத்தோடும் நேரத்தோடும் சேர்த்துத்தான் பதிந்து வைக்கிறது.

மூளையில் சுரக்கும் டோபமினை இன்பச் சுரப்பு என்று கன பேர் நினைக்கிறார்கள். எதிர்பார்ப்புத்தான் அதன் பெரிய வேலை. மூளை ஆய்வாளர் வொல்ஃப்ராம் ஷூல்ட்ஸ் குரங்குகளுக்குப் பழச்சாறு கொடுத்துப் பார்த்தார். முதலில் சாறு கிடைத்தபோது டோபமின் நரம்பணுக்கள் துடித்தன. சாறு வருமுன் விளக்கு எரியும் என்று பழகியதும், துடிப்பு விளக்குக்கே மாறிவிட்டது. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால் துடிப்பு வழமையைவிடக் கீழே போனது.

எங்கட கரையில் அந்த விளக்கு, தோணி இழுத்து முடிந்ததும் கைக்கு வரும் பிளேன்டீ. சிகரெட் ருசிக்கிறதா என்ற கேள்வியே அங்கு எழாது. விரும்புவது வேறு, வேண்டும் என்று மனம் இழுப்பது வேறு. பழக்கம் முற்ற முற்ற ருசி குறைந்தாலும் இழுப்புக் குறையாது.

வியட்நாமில் ஹெரோயினுக்கு அடிமையான அமெரிக்கச் சிப்பாய்களில் மிகச் சிலர்தான் 1971இல் நாடு திரும்பியபின் முதல் வருடத்தில் மீண்டும் அடிமையானார்கள். அவர்கள் பழகிய இடத்தை விட்டுப் போனார்கள். கத்தாரிலிருந்து வருபவர் பழகிய இடத்துக்கே வருகிறார். ஆகவே முதல் மாதம் தேத்தண்ணியை வீட்டில் குடிக்கட்டும், வாடிக்குக் காலையில் போகட்டும், பெட்டிக்கடைச் சந்தியைத் தவிர்த்து வேறு ஒழுங்கையால் வரட்டும். இழுப்பு வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணியும். அந்த நேரம் கைக்கு வேலை இருந்தால் போதும்.

உப்புவெளியிலிருந்து

அண்ணை சொன்னதோடு வெத்திலையையும் சேர்க்க வேண்டும். சுண்ணாம்பு வாயைக் காரத்தன்மையாக்குவதால் புகையிலையின் நிக்கோட்டின் கன்னத்தோலால் வேகமாக ஊறும். "புகையிலையை விட்டிட்டன், பாக்கு மட்டும்தான்" என்பவர்கள் விட்டதாக எண்ண வேண்டாம். பாக்கும் தன்பாட்டில் அடிமையாக்கும். 2004இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்றே வகைப்படுத்தியது. வாய் பாதிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க, வாயை அகலத் திறந்து, உங்கள் மூன்று விரல்களை மேலும் கீழுமாக அடுக்கிப் பற்களுக்கிடையே வையுங்கள். நுழையாவிட்டாலோ உறைப்புக் கறி வாயை எரித்தாலோ பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

சாம்பல்தீவிலிருந்து

சிகரெட்டைக் கைவிடுவதற்காக நிக்கோட்டின் சுவிங்கம் பாவிப்பவர்கள் அதைச் சாதாரண சுவிங்கம்போல மெல்கிறார்கள். நிக்கோட்டின் வயிற்றுக்குப் போய் விக்கலும் குமட்டலும் வரும். உடனே "எனக்கு ஒத்துவரவில்லை" என்று எறிந்துவிடுகிறார்கள். மெதுவாக மென்று, உறைப்புத் தெரிந்ததும் கன்னத்துக்கும் பல்முரசுக்கும் இடையே ஒதுக்குங்கள். உறைப்பு அடங்கினால் மறுபடி மெல்லுங்கள். அரை மணித்தியாலம் இப்படி. எழும்பி 30 நிமிடத்துக்குள் பத்துபவருக்கு 4 மில்லிகிராம், மற்றவருக்கு 2. முதல் 6 கிழமை, 1–2 மணித்தியாலத்துக்கு ஒன்று. அதற்கு 15 நிமிடம் முன்பிருந்து கோப்பி, சோடா வேண்டாம். புளிப்பு வாயில் நிக்கோட்டின் ஊறாது. முதல் மூன்று நாள்தான் கடும் நாள்.

குடி வேறு கதை. தினமும் நிறையக் குடிப்பவரை அறையில் பூட்டி ஒரேயடியாக நிறுத்த வேண்டாம். 6 முதல் 48 மணித்தியாலத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் மூன்றாம் நாள் மனம் குழம்பி, இல்லாததைக் கண்டு பேசலாம். உயிரே போகக்கூடிய நிலை அது. கை நடுங்கத் தொடங்கும்போதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். கடைசியாகக் குடித்த நேரத்தையும் நாளுக்கு எவ்வளவு என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மருந்தின் அளவை அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்கள்.