மறு: டீஸ்டூல்: 'பதவிநீக்கம்' போதுமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

> கானா ஆங்கிலத்தில் மன்னரை அமர்த்துவது 'என்ஸ்டூல்', இறக்குவது 'டீஸ்டூல்'. இதற்கு ஏன் தனிச்சொல்? 'பதவிநீக்கம்' என்று எழுதிவிட்டுப் போகலாமே.

எழுதலாம்தான். ஆனால் நாம் மொழிபெயர்க்கும் அசாந்தே (மேற்கு ஆப்பிரிக்காவில், இன்றைய கானாவில் உள்ள அரசு) வரலாற்றுப் பாடத்தில் அப்படி எழுதினால், அந்தச் சொற்களுக்குள் இருக்கும் 'ஸ்டூல்' என்ற இருக்கை காணாமல் போய்விடும். அங்கே அரசு, மதம், பொன் வணிகம் மூன்றும் முடிச்சிட்டு நிற்பது அந்த இருக்கையில்தான். பதவிநீக்கம் என்றால் கையெழுத்திட்ட ஓர் ஆணைதான் நம் நினைவுக்கு வருகிறது.

முதலில் 'ஸ்டூல்' எது என்று பார்ப்போம். குழுமத்தில் முன்மொழிந்த 'முக்காலி'யை விட்டுவிடலாம். அசாந்தே இருக்கைக்கு மூன்று கால் கிடையாது. ஒரே மரத்தில் செதுக்கியது: தட்டையான அடி, நடுவில் வேலைப்பாடுள்ள தாங்கு, மேலே இரு பக்கமும் உயர்ந்து வளைந்த பலகை. 'அரியணை' என்றால் சிங்கம் வந்துவிடும், சாய்மானம் வந்துவிடும். 'மணை' எனக்குப் பிடித்த சொல். ஆனால் அதில் மாப்பிள்ளையை உட்கார வைக்கலாமே தவிர ஆட்சியை உட்கார வைக்க முடியாது. பழைய 'அரசுகட்டில்' பொருளால் மிக நெருக்கம். ஆனால் இன்றைய மாணவரிடம் 'மன்னரைக் கட்டிலிலிருந்து இறக்கினார்கள்' என்று சொல்லிப் பாருங்கள், வகுப்பே சிரிக்கும்.

என் பரிந்துரை 'பீடம்'. வடசொல் என்ற ஆட்சேபம் வரும், தெரியும். ஆனால் பொருளையும் பதவியையும் புனிதத்தையும் ஒருசேரச் சுமக்கிற வேறு சொல் நம் புழக்கத்தில் எனக்கு அகப்படவில்லை. அந்த மூன்றும் இங்கே வேண்டும்.

ஏன் என்றால், அசாந்தே அரசின் சின்னமான பொற்பீடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். முதல் மன்னர் ஓசெய் டுட்டுவுக்காகப் பூசகர் ஒகொம்ஃபோ அனோச்சே அதை வானிலிருந்து வரவழைத்தார் என்பது மரபு. வந்தது வெள்ளிக்கிழமை. அதனால் அதன் பெயர் 'சிகா த்வா கோஃபி'. கோஃபி என்பது வெள்ளிக்கிழமை பிறந்த ஆண்பிள்ளைக்கு வைக்கும் பெயர். மக்கள் அனைவரின் உயிராற்றலும் அதற்குள் இருக்கிறது என்பதால் மன்னர்கூட அதில் உட்காருவதில்லை. அதற்கே தனி ஆசனம் உண்டு. 1900இல் பிரிட்டிஷ் ஆளுநர் ஹாட்ஜ்சன் அசாந்தேத் தலைநகர் குமாசிக்கு வந்து, அதை ஏன் தனக்கு உட்காரக் கொண்டுவரவில்லை என்று கேட்டார். போர் மூண்டது.

மற்றத் தலைவர்களின் பீடங்கள் மரத்தாலானவை. பதவியிலேயே நல்லபடியாக இறந்தவரின் பீடத்தைக் கறுப்பாக்கிப் பீட அறையில் வைத்து, ஆட்டு இரத்தமும் மதுவும் படைப்பார்கள். இறக்கப்பட்டவருடைய பீடத்துக்கு அந்த வரிசையில் இடம் கிடையாது. அதாவது ஆளுக்கு வேலை போவதோடு முடிவதில்லை, முன்னோர் ஆகும் வாய்ப்பும் போகிறது. 'பதவிநீக்கம்' இதைச் சொல்லாது.

மன்னர் கோஃபி கரிகாரியின் கதை பாடத்தில் இருக்கிறது. 1874 பிப்ரவரியில் ஊல்ஸ்லியின் பிரிட்டிஷ் படை குமாசியை எரித்தது. அடுத்து வந்த ஒப்பந்தம் 50,000 அவுன்ஸ் பொன்னை இழப்பீடாகக் கேட்டது. பொன்துகளே நாணயமாக ஓடிய நாடு அது. சந்தையில் கோலாக்கொட்டை வாங்குபவரும் பித்தளை எடைக்கல்லும் சின்னத் தராசும் வைத்திருப்பார். கருவூலத்துப் பொன்னில் மன்னருக்கு உரிமை உண்டு. ஆனால் கரிகாரி எடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்டது பண்டாமா என்ற அரச நினைவிடத்தில் முந்தைய மன்னர்களின் எலும்புகளோடு வைத்திருந்த பொன்னை. அது இறந்தவர்களின் சொத்து. அதே ஆண்டிலேயே அவரை இறக்கிவிட்டார்கள். அடுத்து வந்த தம்பி மென்சா பொன்சுவுக்கும் 1883இல் அதே கதி.

மதமும் காரணமாகச் சொல்லப்பட்டதுண்டு. 1800ஐ ஒட்டிய ஆண்டுகளில் இறக்கப்பட்ட மன்னர் ஓசெய் குவாமே முஸ்லிம்களிடம் அளவுக்கு மீறிப் பற்று வைத்தார் என்று, 1820இல் குமாசிக்கு வந்த பிரிட்டிஷ் தூதர் டுபுயியிடம் சொன்னார்கள். வடக்கு வணிகத்துக்கு முஸ்லிம் வணிகர்கள் வேண்டும், அரபியில் எழுதவும் அவர்கள் வேண்டும். ஆனால் மன்னரே அந்தப் பக்கம் சாய்ந்தால் பீடங்களுக்குப் படைப்பது யார்? டுபுயி கேட்டது முழு உண்மையா என்பது வேறு விவாதம்.

சரி, வினைக்கு வருவோம். நான் 'நீக்க'த்தை விட்டு 'இறக்க'த்தைப் பிடிப்பதற்குக் காரணம் சடங்கிலேயே இருக்கிறது. அசாந்தேத் தலைவரின் வெறுங்கால் மண்ணில் படக்கூடாது. இறக்கும்போது முதலில் கழற்றுவது செருப்பைத்தான். ஆளைத் தரைக்குக் கொண்டுவருகிறார்கள், பீடம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இன்னொரு வசதி, தமிழின் தன்வினை பிறவினை நமக்குக் கைகொடுக்கிறது: 'பீடமிறங்கினார்' என்றால் தானாக விலகினார், 'பீடமிறக்கினர்' என்றால் மற்றவர்கள் இறக்கினார்கள். அமர்த்துவதற்குப் 'பீடமேற்றம்'. கறுப்பாக்கியது 'கரும்பீடம்'. பாடத்தில் முதல்முறை வரும்போது மட்டும் ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும்.

ஆங்கிலத்தில் 'குயின் மதர்' எனப்படும் பெண் தலைவருக்கு 'ராஜமாதா' என்று எழுதலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். அது சரிவராது என்பதே என் எண்ணம். அடுத்த மன்னர் யார் என்று முன்மொழியும் அந்தப் பெண் மன்னரின் தாயாக இருக்க வேண்டியதில்லை. அக்காவாகவோ சிற்றன்னையாகவோ இருக்கலாம். 1900 போருக்குத் தலைமை தாங்கிய யா அசந்தேவா, எஜிசு என்ற ஊரின் தலைவராக அமர்த்தியது தன் பேரனை. இந்தப் பெண் தலைவருக்கென்று தனிப் பீடமும் உண்டு என்பதால் 'பீடத்தரசி' என்று ஒன்று தோன்றுகிறது, ஆனால் காதுக்கு இன்னும் ஒட்டவில்லை. அசாந்தே மக்கள் பேசும் அக்கன் மொழியில் இவருக்குரிய 'ஒஹேமா'வையே வைத்துக்கொள்ளலாமா என்று நண்பர்கள் சொன்னால் நல்லது. பாடம் அச்சுக்குப் போகுமுன் இந்த ஒன்றையாவது முடித்துவிட வேண்டும்.