விசை வினையடை: ஆங்கிலத்தில் வலிமையை உணர்த்தும் வினையடைகளுக்கு ஒரு பெயர்

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

இலங்கை மலையகப் பாடசாலை மாணவருக்கென நாம் தொகுத்துவரும் ஆங்கில இலக்கணச் சொற்றொகுதியில், ‘விகரஸ்லி’, ‘ஃபோர்ஸ்ஃபுல்லி’, ‘ஃபியர்ஸ்லி’, ‘ஹார்ட்’ முதலிய சொற்களுக்குப் பொதுப்பெயர் இன்னும் முடிவாகவில்லை. ஒரு செயல் எத்துணை உடல் வலிமையோடு அல்லது மன முனைப்போடு செய்யப்படுகிறது என்பதைக் காட்டும் இச்சொற்களுக்குப் பதுளை அம்மையார் ‘வேக வினையடை’ என்றும், யாழ்ப்பாண நண்பர் ‘வலுவடை’ என்றும், சென்னை நண்பர் ‘ஆற்றல் வினையடை’ என்றும் பெயர் முன்மொழிந்துள்ளனர். மூன்றையும் எடைபோட்டுப் பார்த்தபின் ‘விசை வினையடை’ என்பதையே நான் பரிந்துரைக்கிறேன்.

முதலில் ‘வேகம்’. ஓங்கி அறைவது வேகமாகவும் நடக்கும். ஆனால் பாறையை நெம்புகோலால் பலங்கொண்ட மட்டும் நெம்புகிறவர் மெதுவாகத்தான் நெம்புகிறார். வலிமை உண்டு, வேகம் இல்லை. அதற்கு மேலாக, நம் விஞ்ஞானப் பாடநூல்களில் வேகம் என்பது திசையோடு கூடிய கணியம். தமிழகத்தார் திசைவேகம் என்பதை நாம் வேகம் என்கிறோம், அவர்கள் வேகம் என்பதை நாம் கதி என்கிறோம். இந்தக் குழப்பத்தை ஆங்கிலப் பாடத்துக்குள்ளும் இழுத்துவர வேண்டியதில்லை.

‘ஆற்றல்’ என்பதிலும் இதே இடர்ப்பாடு. தமிழகப் பாடநூலில் ஆற்றல் எனப்படுவது இங்கே சக்தி. நம் மாணவருக்கு ஆற்றல் என்றால் திறமை. ‘ஆற்றல் வினையடை’ என்ற தலைப்பைக் கண்டவுடன், திறமையாகச் செய்வதைக் குறிக்கும் சொற்களை அவர்கள் அதன்கீழ் எழுதிவிடுவார்கள்.

‘வலு’ அழகான சொல்தான். ஆயினும் வேலை செய்யப்படும் வீதத்துக்கு விஞ்ஞான பாடத்தில் அது பெயராகிவிட்டது. இன்னொரு தடையை யாழ்ப்பாண நண்பரே அறிவார்: அவர் ஊரில் ‘வலு கெட்டிக்காரன்’ என்றால் மிகவும் கெட்டிக்காரன் என்று பொருள். அங்கே ‘வலு’ என்பதே மிகுதியைக் காட்டும் அடையாக நிற்கிறது; நாம் பிரித்துக்காட்ட முயலும் வேறுபாடோ அந்த இடத்தில்தான் இருக்கிறது. ‘எப்படி?’ என்ற வினாவுக்கு விடை தருவது வேறு, ‘எவ்வளவு?’ என்ற வினாவுக்கு விடை தருவது வேறு. கயிற்றை ‘ஸ்ட்ரோங்லி’ இழுத்தான் என்றால் அது இழுத்த விதம். ஒரு கருத்தை ‘ஸ்ட்ரோங்லி’ ஏற்றுக்கொள்கிறேன் என்றால் அது உடன்பாட்டின் அளவு. உறு, தவ, நனி ஆகிய மூன்றும் மிகுதிப்பொருள் தரும் எனத் தொல்காப்பிய உரியியல் ஒரு தொகுதியாகவே சொல்லியிருக்கையில், மிகுதிக்கு ஒரு பெயரும் வலிமைக்கு மற்றொரு பெயரும் வைத்துக்கொள்வது நம் இலக்கண மரபுக்கும் புறம்பானதன்று.

‘விசை’ இலங்கை, தமிழகம் ஆகிய இரு கரையிலும் ஒரே பொருளில் வழங்கும் அரிய சொற்களுள் ஒன்று. கதி, வேகம், சக்தி, ஆற்றல், வலு, திறன் எனப் பிரிந்து கிடக்கும் இயற்பியற் சொற்களிடையே அது மட்டும் இடம்மாறாமல் நிற்கிறது. ‘விசையடை’ எனச் சுருக்கலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். ‘விசையை அடை’ என்ற ஏவலாக அது வாசிக்கப்படும் என்பதால், முழுவடிவத்தையே வைத்துக்கொள்வோம்.

பெயரைக் காட்டிலும் அதன்கீழ் வரும் பதிவுகளே எனக்கு அதிகக் கவலை தருகின்றன. ஒவ்வோர் ஆங்கிலச் சொல்லுக்கும் எதிரே ‘பலமாக’ என்று எழுதிவிட்டால், மாணவர் மொழிபெயர்க்கும்போது தடுமாறுவார்கள். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் வட்டவளையில் மழை பலமாகப் பெய்கிறது. மலைக்கு அப்பாலுள்ள ஊவாப் பக்கத்தில் காற்று பலமாக வீசுகிறது. நமக்கு இரண்டுக்கும் ஒரே சொல். ஆங்கிலத்திலோ மழைக்கு ‘ஹெவிலி’ பொருந்தும், காற்றுக்கு ‘ஸ்ட்ரோங்லி’ பொருந்தும், ‘ஹார்ட்’ இரண்டுக்கும் பொருந்தும். ‘ஸ்ட்ரோங்லி’ மழை பெய்தது என்று எழுதினால் ஆசிரியர் சிவப்பு மையால் சுழிப்பார். எனவே எந்த வினையோடு எந்த அடை சேரும் என்பதையும் பதிவிலேயே காட்ட வேண்டும்.

‘ஃபோர்ஸிப்லி’, ‘ஃபோர்ஸ்ஃபுல்லி’ ஆகிய இரண்டையும் அடுத்தடுத்து வைத்து விளக்குமாறு தனியே கேட்டுக்கொள்கிறேன். முன்னது பெரும்பாலும் ஒருவர் விருப்பத்துக்கு மாறாகப் பலவந்தம் செய்வதைக் குறிக்கும். பின்னது அழுத்தம்திருத்தமாகச் சொல்வதையும் முனைப்போடு செய்வதையும் குறிக்கும். மலையகத் தமிழருள் பெரும்பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி உடன்படிக்கையைப் பற்றி ஆங்கிலத்தில் கட்டுரை எழுதும் மலையக மாணவருக்கு இவ்வேறுபாடு அற்பமானதன்று. மக்கள் ‘ஃபோர்ஸிப்லி’ அனுப்பப்பட்டனர் என்பதும், அந்த ஏற்பாட்டைச் சிலர் ‘ஃபோர்ஸ்ஃபுல்லி’ எதிர்த்தனர் என்பதும் ஒன்றுக்கொன்று மாறினால் வரலாறே தலைகீழாகிவிடும்.

தமிழ் நிகரன்கள் எல்லாம் ‘ஆக’ என்று முடிய வேண்டும் என்ற பழக்கத்தையும் கைவிடலாம். ஆங்கிலம் தனி அடையால் சொல்வதைத் தமிழ் பல வேளைகளில் வினையெச்சத்தால் சொல்லிவிடுகிறது: ஓங்கி உதைத்தான், இறுக்கிப் பிடித்தாள், அடித்துப் பேசினார், உரத்துக் கூவினர். ‘பலமாக உதைத்தான்’ என்பது பிழையன்று. ஆனால் காலை உயர்த்திய அசைவு ‘ஓங்கி’ என்பதில்தான் தெரிகிறது. அறிக்கைத் தமிழில் ‘வன்மையாகக் கண்டிக்கிறோம்’ என்பது நிலைபெற்றுவிட்டதால் அதை அப்படியே விட்டுவிடலாம். ‘படபடவென’, ‘தடதடவென’ போன்ற இரட்டைக்கிளவிகளைச் சேர்ப்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. அவை விசையோடு ஓசையையும் விரைவையும் கலந்து தருவதால், எடுத்துக்காட்டு வாக்கியங்களில் மட்டும் வரட்டும்.

‘ஹார்ட்லி’ என்ற சொல் இத்தொகுதியில் இடம்பெறக் கூடாது. வடிவத்தால் ‘ஹார்ட்’ என்பதன் வினையடை போலத் தோன்றினாலும், ‘அரிதாகவே’, ‘இல்லை என்னுமளவுக்கு’ என்பனவே அதன் பொருள். ‘ஹி வேர்க்ஸ் ஹார்ட்லி’ என்று தன் தந்தையைப் பற்றி எழுதும் பிள்ளை, அவர் கடுமையாக உழைப்பதாகச் சொல்ல நினைத்து, உழைப்பதேயில்லை என்பது போலச் சொல்லிவிடுகிறது. ‘ஹார்ட்’ என்ற பதிவின் கீழ் இதனை ஓர் எச்சரிக்கைக் குறிப்பாகச் சேர்க்கலாம்.

பதுளை அம்மையார் உடன்பட்டால், தலைப்பை ‘விசை வினையடை’ என மாற்றி, மேற்சொன்ன பதிவுகளின் வரைவை அடுத்த மடலில் அனுப்புகிறேன். ‘ஃபியர்ஸ்லி’ என்பதற்கு ‘மூர்க்கமாக’ என்பதா, ‘கடுமையாக’ என்பதா என்பதில் மட்டும் எனக்கு இன்னும் முடிவில்லை; போட்டி, வெயில், எதிர்ப்பு ஆகிய மூன்றோடும் வரும் சொல் அது என்பதை மனத்திற்கொண்டு கருத்துரையுங்கள்.