4000 வெள்ளி யார் கைக்கு வந்தது?

தேக்கா_மணி:
நேற்று ஈசூன்_ராஜா எழுதியதைப் படித்ததிலிருந்து வயிறு எரிகிறது. "சிங்கப்பூரில் 40 தாண்டிய ஒவ்வொருவர் கையிலும் அரசாங்கம் 4000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கொடுத்திருக்கிறது, இனியும் வேலை இல்லை என்று புலம்புகிறவன் சோம்பேறி" என்கிறார். யார் கையில் ஐயா? 2024 மே மாதம் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கத் திறன் பயிற்சித் திட்டக் கணக்கில் ஏறியது காசு இல்லை. பயிற்சிக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். அதுவும் அவர்கள் பட்டியலில் உள்ள ஏறக்குறைய 7,000 வகுப்புகளுக்கு மட்டும். அதை வைத்து அரிசி வாங்க முடியுமா? வீட்டுக்கடன் கட்ட முடியுமா?

ஈசூன்_ராஜா:
என் மகனுடைய கல்லூரிக் கட்டணத்தை என் மாமனார் கட்டினால் "கொடுத்தார்" என்றுதான் சொல்வேன். 40 தாண்டிய குடிமக்களுக்குப் பல வகுப்புகளில் 90 விழுக்காடு வரை மானியம் உண்டு. மிச்சக் கட்டணத்துக்குத்தான் இந்த 4000. இதற்குமேல் என்ன வேண்டும் உங்களுக்கு?

தேக்கா_மணி:
மாமனார் கதை வேண்டாம். கையில் வந்ததா, இல்லையா? எனக்கு 52 வயது. 2024 கடைசியில் வேலை போய் ஐந்து மாதம் வீட்டில் உட்கார்ந்தேன். சும்மா இருக்கவில்லை, ஒரு பயிற்சி நிலையத்தில் கணினி வகுப்பு முடித்தேன். சான்றிதழ் வந்தது. நேர்காணலுக்குப் போன இடத்தில் சான்றிதழைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை, பிறந்த ஆண்டைத்தான் பார்த்தார்கள். என்னைச் சோம்பேறி என்று சொல்ல நீங்கள் யார்?

வள்ளி_ஜூரோங்:
மணி அண்ணே, கையில் வரும் காசும் இருக்கிறது. முழுநேரப் பயிற்சிக்குப் போனால் 2025 முதல் படித்தொகை தருகிறார்கள். முன்பு வாங்கிய சராசரிச் சம்பளத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரை, வாழ்நாளில் மொத்தம் 24 மாதத்துக்கு. வேலை போனவர்களுக்கு 2025 ஏப்ரலில் தொடங்கிய இன்னொரு திட்டத்தில் ஆறு மாதத்துக்கு மொத்தம் 6,000 வெள்ளி வரை. அதையும் சேர்த்துப் பேசுங்கள்.

தேக்கா_மணி:
நான் 4000 பற்றிக் கேட்கிறேன், நீங்கள் 6000 பற்றிச் சொல்கிறீர்கள். சரி, அதையும் பார்ப்போம். சராசரிச் சம்பளம் மாதம் 5,000க்கு மேல் போனால் கிடையாது. தானாக வேலையை விட்டால் கிடையாது. முதல் மாதம் 1,500, குறைந்து குறைந்து கடைசி மூன்று மாதமும் 750. எனக்கு வேலை போனபோது அந்தத் திட்டமே தொடங்கவில்லை. அந்த 4000 கையில் வரவில்லை என்று ஒப்புக்கொள்ள ஏன் இவ்வளவு கஷ்டம்?

செங்காங்_குமார்:
எனக்கு 38. எனக்கு அந்த 4000ம் இல்லை. 2020ல் என் ஸ்கில்ஸ்ஃபியூச்சர் கணக்கில் கூடுதலாகப் போட்ட 500ம் 2025 முடிந்ததோடு காலாவதி.

ஈசூன்_ராஜா:
ஐந்து வருடம் இருந்ததே தம்பி, தூங்கிக்கொண்டிருந்தீர்களா?

செங்காங்_குமார்:
இரவு வேலை, இரண்டு சின்னப் பிள்ளைகள். பகலில் எந்த வகுப்புக்குப் போவது? சும்மா வாய்க்கு வந்ததைப் பேசாதீர்கள்.

ஈசூன்_ராஜா:
காசாகவே கொடுத்தால் என்ன ஆகும் என்று 2017ல் பார்த்தோமே! போலி நிறுவனங்களை வைத்து ஒரு கும்பல் கிட்டத்தட்ட 4 கோடி வெள்ளியைச் சுருட்டியது. கையில் தருவதில்லை என்பது நல்லதுதான்.

தேக்கா_மணி:
"கையில் தருவதில்லை"! நீங்களே எழுதிவிட்டீர்கள், எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தக் கும்பல் நிறுவனங்களின் பெயரில் பயிற்சி மானியம் கேட்டுத் திருடியது. என்னைப் போல வேலை போனவன் எடுத்ததா அது? திருடன் செய்ததற்கு எங்களை எதற்கு இழுக்கிறீர்கள்?

ஈசூன்_ராஜா:
ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். தமிழ்மொழி மாத விவாதத்திலும் இதேதான் செய்தீர்கள், ஒரு ஒற்றெழுத்துக்காக மூன்று நாள்.

தேக்கா_மணி:
அந்த ஒற்று அன்றும் தப்பு, இன்றும் தப்பு. பேச்சை மாற்றாதீர்கள்.

வள்ளி_ஜூரோங்:
இரண்டு பேரும் குமார் சொன்னதை விட்டுவிட்டீர்கள். இரவு வேலை செய்கிறவர்களுக்கு எந்த நேரத்தில் வகுப்பு? அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

ஈசூன்_ராஜா:
இணையத்தில் வகுப்பு இருக்கிறது. மனம்தான் வேண்டும்.

தேக்கா_மணி:
மனம் இருந்தது, வகுப்பும் முடித்தேன். என் வங்கிக் கணக்கில் அந்த 4000 எந்தத் தேதியில் ஏறியது? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள் ராஜா.