மின்னழுத்தத்தைப் பதியும் கருவியை எந்தக் கம்பத்தில் வைத்தீர்கள்?

கோண்டாவிலான்:
வலிகாமத்துத் தோட்டவெளி ஒன்றில், மின்மார்க்கத்தின் கடைசி வீடுகளிலிருந்து இரண்டு முறைப்பாடுகள் வந்தன. விடியற்காலையில் நீரிறைக்கும் மோட்டர்கள் இழுக்க மறுக்கின்றன. நண்பகலில் கூரைச் சோலார் இன்வேட்டர்கள் தாமாக நின்றுவிடுகின்றன. கையில் இருந்தவை இரண்டு கருவிகள். கூடும் பூட்டும் இருக்கிறது என்பதற்காக இரண்டையும் மின்மாற்றியடியிலேயே வைக்கச் சொன்னார்கள். ஒன்றாவது கடைசிக் கம்பத்துக்குப் போக வேண்டும் என்று நான் விடாமல் நின்றேன். கடைசி வீட்டு அக்கா மீட்டர்ப் பெட்டிக்குப் பக்கத்தில் இடம் தந்தார். அவருக்கு எவ்வளவு நன்றி சொன்னாலும் தகும்.

மின்மாற்றியடியில் 230 வோல்ட்டை ஒட்டியே பதிவானது. கடைசி வீட்டடியில் விடியற்காலை 216.2க்குக் கீழே இறங்கியது, நண்பகலில் 243.8ஐத் தாண்டியது. 230இலிருந்து ஆறு வீதம் கூட்டியும் குறைத்தும் வரும் எல்லைகள் அவை. கூரைகளிலிருந்து மின் திரும்பிப் பாயும்போது அழுத்தம் மிக அதிகமாக ஏறுவது நுனியில்தான். முறைப்பாடு வந்த இடத்தை அளக்காமல் அந்த மக்களுக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

குருநகர்:
எங்கள் பக்கத்து ஐஸ் தொழிற்சாலையில் கம்பிரசர் திடீர் திடீரென நிற்கும். முதலில் பொருத்திய கருவி பத்து நிமிடச் சராசரியை மட்டும் பதிந்தது. அரை நொடிச் சரிவு அதில் கரைந்துபோகும். அதுவும் மூன்று மின்கம்பிகளில் ஒன்றில், அதாவது ஒரு பேஸில் மட்டுமே பொருத்தியிருந்தார்கள். 33 கிலோவோல்ட் பக்கம் ஒரு கம்பி மண்ணோடு தொட்டால், டெல்ட்டா-ஸ்டார் மின்மாற்றியின் (உயர் பக்கச் சுருள்கள் முக்கோணமாகவும் தாழ் பக்கச் சுருள்கள் நட்சத்திரமாகவும் இணைந்தது) தாழ் பக்கத்தில் இரண்டு பேஸ்கள் வழமையான அழுத்தத்தின் 58 வீதத்துக்கு விழக்கூடும், மூன்றாவது அசையாது. அந்த மூன்றாவதில் கருவி இருந்தால் எல்லாம் நலம் என்றே காட்டும். மூன்று பேஸையும் கட்டாயம் பதியுங்கள், மின்னோட்டத்தையும் சேர்த்து. அழுத்தம் விழும் கணத்தில் ஓட்டம் பாய்ந்து உயர்ந்தால் பழுது கருவிக்குக் கீழே, மின் போகும் பக்கம். உயராவிட்டால் பெரும்பாலும் மேலே, மின் வரும் பக்கம்.

கோண்டாவிலான்:
மின்மார்க்கம் பிரியும் கிளைகளுக்கும் இது பொருந்தும். ஒரு கிளையில் பழுது வந்தால், மற்றக் கிளையில் உள்ளவர்கள் உணர்வது பிரியும் இடத்து அழுத்தத்தை மட்டுமே. ஆகவே ஒரே கிளையில் மூன்று கருவிகளை வரிசையாக வைப்பதைவிடக் கிளைக்கு ஒன்று வைப்பது மேல். அடுத்த கருவி கிடைத்தால் கிழக்குக் கிளையின் நுனிக்குத்தான் கேட்கப்போகிறேன்.